98,76,54,321-ஐ அக்குவேறு ஆணிவேறாகப் பிரிப்பது எப்படி?

"ஒரு பெரிய எண்ணை எடுத்துக்கொண்டு அதன் பண்புகளையெல்லாம் எழுதி வா" என்று பள்ளியில் செயல்திட்டம் கொடுத்துவிடுகிறார்கள். பிள்ளை எண்ணோடு வீட்டுக்கு வருகிறது, பெற்றோர் கைபேசியில் தேடி விடையை மட்டும் எடுத்து ஒட்டுகிறார்கள். மறுநாள் ஆசிரியர் "எப்படி வந்தது?" என்று கேட்டால் பதில் இல்லை. பெங்களூரில் அல்சூர், சிவாஜி நகர், ஸ்ரீராம்புரம் பக்கம் மாலை வகுப்பு எடுக்கப் புதிதாக வந்திருப்பவர்களுக்கும், வீட்டில் தாங்களே கணக்குச் சொல்லித்தரும் பெற்றோருக்கும் இந்த வழிகாட்டி. எண் 987654321. ஒன்பது இலக்கம்தான், ஆனால் ஒரு பெரிய எண்ணில் வரக்கூடிய சிக்கல்களில் பெரும்பாலானவை இதற்குள்ளேயே இருக்கின்றன.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நாம் காரணி என்பதைக் கன்னடப் பாடநூல் அபவர்த்தன என்கிறது. நம் பகா எண் அங்கே அவிபாஜ்ய சங்க்யே. ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைக்கு அவை ஃபேக்டர், பிரைம். ஒரே வகுப்பில் மூன்று வழியிலும் படிக்கும் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். மூன்று சொல்லையும் முதல் நாளே பலகையில் எழுதிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

1. கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

12 இலக்கக் கால்குலேட்டர் ஒன்று வேண்டும். 8 இலக்கக் கருவியில் இந்த எண்ணே நுழையாது. 12 இலக்கம் ஏன் போதும் என்பதற்கும் கணக்கு உண்டு: சிறிய காரணிகளை எடுத்த பின் நான்காம் படியில் மிஞ்சும் எண் 379721; ஐந்தாம் படியில் மீதியெடுக்கும் பெருக்கல்களில் இரு பக்கமும் அதைவிடச் சிறிய எண்களே இருக்கும். 379721-இன் வர்க்கம் 144188037841, சரியாக 12 இலக்கம்.

இரண்டாவது, 616 வரையிலான பகா எண் பட்டியல் (616 ஏன் என்பது நான்காம் படியில் தெரியும்). இதை அச்சிட்டு வாங்காதீர்கள், பிள்ளையே சல்லடை போட்டுத் தயாரிக்கட்டும். 1 முதல் 616 வரை கட்டம் போட்டு 2, 3, 5, 7, 11, 13, 17, 19, 23 ஆகியவற்றின் மடங்குகளை அடித்தால் போதும். அடுத்த பகா எண் 29-இன் வர்க்கம் 841, நம் எல்லைக்கு வெளியே. அடித்து முடித்ததும் எண்ணிப் பாருங்கள்: 100 வரை 25, 200 வரை 46, 300 வரை 62, 400 வரை 78, 500 வரை 95, 600 வரை 109, 616 வரை 112. எந்த நூற்றில் கணக்கு உதைக்கிறதோ அங்கே மட்டும் திரும்பப் பார்த்தால் போதும். வழக்கமாகத் தப்பிவிடும் போலிகள் 91, 119, 133, 161, 217, 221, 247, 299, 323, 391, 437, 493, 527, 551, 589. பார்வைக்குப் பகா எண் போலவே இருக்கும் இவையெல்லாம் 7, 13, 17, 19 ஆகியவற்றின் மடங்குகள்.

மூன்றாவது, 600 முதல் 625 வரையிலான வர்க்கங்கள் ஒரு பக்கத்தில்.

ரூபாய்ச் செலவு இதில் பெரிதாக எதுவும் இல்லை. ஒரு நோட்டும் கால்குலேட்டரும் அவென்யூ ரோட்டில் ஒரே கடையில் கிடைத்துவிடும். உண்மையான செலவு எத்தனை தடவை வகுக்கிறோம் என்பதுதான். கீழே ஒவ்வொரு படியிலும் அந்தக் கணக்கையே சொல்கிறேன். மொத்த வேலைக்கு இரண்டு மாலைப் பொழுதுகள் ஒதுக்குங்கள்.

2. எண்ணைச் சரியாக வெட்டி எழுதுங்கள்

நம் வழக்கப்படி இது 98,76,54,321. 98 கோடியே 76 லட்சத்து 54 ஆயிரத்து 321. வாசிக்க இதுதான் சரி. ஆனால் அடுத்த படியில் எண்ணை மூன்று மூன்றாக, இரண்டு இரண்டாக, நான்கு நான்காக வெட்ட வேண்டும். காற்புள்ளி இருக்கும் இடத்தில் வெட்டினால் விடை தப்பும், ஏனென்றால் நம் காற்புள்ளி முதலில் மூன்று இலக்கமும் அப்புறம் இரண்டிரண்டுமாகப் போகிறது. பிள்ளைகள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். நோட்டில் காற்புள்ளியே இல்லாமல் 987654321 என்று எழுதி, வலது கோடியிலிருந்து பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள்.

3. வகுக்காமலே கழிக்கக்கூடியவை

கடைசி இலக்கம் 1. ஆகவே 2-உம் 5-உம் இல்லை. இலக்கங்களின் கூட்டல் 45, ஆகவே 9-ஆல் வகுபடும்.

மூன்று மூன்றாக வெட்டி வலமிருந்து கழித்துக் கூட்டுங்கள்: 321 − 654 + 987 = 654. 1001 = 7 × 11 × 13 என்பதால், பெரிய எண்ணை இந்த மூன்றால் வகுத்தால் என்ன மீதியோ அதே மீதி 654-க்கும் வரும். 654-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 3, 11-ஆல் 5, 13-ஆல் 4. மூன்றும் கழிந்தன.

அதே துண்டுகளைக் கழிக்காமல் கூட்டினால் 1962. அதையும் வெட்டிக் கூட்டினால் 963. 999 = 27 × 37. 963-ஐ 37-ஆல் வகுத்தால் மீதி 1, ஆகவே 37 இல்லை. 963, 9-ஆல் வகுபடுகிறது, 27-ஆல் வகுபடவில்லை. ஆகவே 3 சரியாக இரண்டு தடவைதான் இருக்கிறது. இதை இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு இரண்டாக: 21 − 43 + 65 − 87 + 9 = −35. 35, 101-ஆல் வகுபடாது, ஆகவே 101 கழிந்தது. நான்கு நான்காக: 4321 − 8765 + 9 = −4435. 10001 = 73 × 137; 4435 இரண்டாலும் வகுபடவில்லை. ஐந்து ஐந்தாகக் கூட்டினால் 54321 + 9876 = 64197. 99999 = 9 × 41 × 271; 41-ஆல் மீதி 32, 271-ஆல் மீதி 241.

அல்சூரில் மெட்ரோ ஏறி மெஜஸ்டிக்கில் இறங்குவதற்குள் இதையெல்லாம் ஒரு துண்டுச் சீட்டிலேயே முடித்துவிடலாம். ஒரு தடவைகூட நீளமாக வகுக்காமல் 2, 5, 7, 11, 13, 37, 41, 73, 101, 137, 271 ஆகிய பதினொன்றும் கழிந்துவிட்டன.

4. கிடைத்த காரணியை உடனே எடுத்துவிடுங்கள், எல்லையும் இறங்கும்

ஓர் எண் பகு எண் என்றால் அதன் வர்க்கமூலத்துக்குள் ஒரு பகாக் காரணி இருந்தே தீரும். 987654321-இன் வர்க்கமூலம் 31426-க்கு மேல். அதுவரை சோதிப்பதென்றால் மூவாயிரத்து இருநூறுக்கும் அதிகமான பகா எண்கள். யாரும் செய்ய வேண்டாம்.

9-ஆல் வகுத்தால் 109739369. வர்க்கமூலம் 10475-க்கு இறங்கியது. பட்டியலில் அடுத்து நிற்கும் 17-ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 6455257. எல்லை 2540. இங்கே பலர் 17-க்கு 'ஆச்சு' என்று டிக் போட்டுவிட்டு 19-க்குப் போய்விடுகிறார்கள். போகாதீர்கள். மறுபடியும் 17-ஆல் வகுங்கள்: 379721. இன்னொரு தடவை வகுத்தால் மீதி 9, இப்போதுதான் 17 முடிந்தது. எல்லை 616 (616² = 379456, 617² = 380689).

மூவாயிரத்துச் சொச்சத்தில் ஆரம்பித்த செலவு 112-க்கு வந்துவிட்டது. அந்த 112-இல் 3, 17 இரண்டும் முடிந்தவை, மூன்றாம் படியில் பதினொன்று கழிந்தவை. மீதம் 99 வகுத்தல்கள்.

5. அடம்பிடிக்கும் 379721

நேரம் போவதும் பொறுமை போவதும் இங்கேதான். மூன்று வழிகள் இருக்கின்றன. நான் சொல்லும் வரிசையிலேயே முயலுங்கள்.

முதலில் வர்க்க வித்தியாசம். வர்க்கமூலத்துக்குச் சற்று மேலே உள்ள எண்ணை வர்க்கப்படுத்தி, நம் எண்ணைக் கழித்து, மிச்சம் முழு வர்க்கமா என்று பாருங்கள். 617-க்கு 968, 618-க்கு 2203, 619-க்கு 3440, 620-க்கு 4679, 621-க்கு 5920. ஒன்றும் முழு வர்க்கம் இல்லை. ஐந்து முயற்சியோடு நிறுத்திவிடுங்கள். இரண்டு காரணிகளும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருந்தால் மட்டுமே இந்த வழி வேகமானது. இல்லையென்றால் வகுத்தலைவிட மோசம். அப்புறம் ஏன் முயல வேண்டும் என்றால், 123456789-ஐப் பாருங்கள். 9-ஐ எடுத்தால் 13717421. அதை ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துக்கொண்டு போனால் 500-க்கும் மேற்பட்ட பகா எண்களைத் தாண்டித்தான் 3607-ஐத் தொடுவீர்கள். வர்க்க வித்தியாசத்திலோ 3704-க்கு மிச்சம் 2195, தோல்வி. 3705-க்கு மிச்சம் 9604, அது 98². இரண்டாவது முயற்சியிலேயே 3705 − 98 = 3607, 3705 + 98 = 3803 என்று உடைந்துவிடுகிறது. ஐந்து நிமிடச் செலவில் இப்படியொரு வாய்ப்பைச் சோதிக்காமல் விடக் கூடாது.

இரண்டாவது, நேரடி வகுத்தல். மீதம் இருக்கும் 99 பகா எண்களையும் வரிசையாகப் போடுங்கள். கால்குலேட்டரில் மீதியைப் பார்க்கும் முறை: 379721 ÷ 23 = 16509.608… வருகிறது, புள்ளிக்கு முன்னால் உள்ள 16509-ஐ 23-ஆல் பெருக்கினால் 379707, கழித்தால் மீதி 14. ஒவ்வொரு மீதியையும் நோட்டில் எழுத வைக்க வேண்டும். புள்ளி வந்தாலே வகுபடவில்லைதான், எதற்கு மீதி என்று பிள்ளைகள் கேட்பார்கள். மீதி எழுதியிருந்தால்தான் தவறிய இடத்தை இன்னொருவர் சரிபார்க்க முடியும். சரிபார்க்கச் சில மீதிகள்: 19-க்கு 6, 23-க்கு 14, 29-க்கு 24, 31-க்கு 2. முழுவதும் முடிக்க முக்கால் மணி நேரம். நான்கு பிள்ளைகள் இருந்தால் ஆளுக்கு 25 என்று பிரித்துக்கொடுங்கள், கால் மணி நேரத்துக்குள் முடியும். 613 வரை ஒன்றாலும் வகுபடாது. ஆகவே 379721 பகா எண்.

மூன்றாவது வழி பெரிய பிள்ளைகளுக்கு. எனக்கு இதுதான் மிகப் பிடித்தது. 379721 பகா எண் என்றால் 2³⁷⁹⁷²⁰-ஐ அதனால் வகுக்கும்போது மீதி 1 வர வேண்டும். ஆனால் மீதி 1 வந்துவிட்டால் பகா எண் என்று முடிவு கட்டக் கூடாது. 341-க்கும் இந்தச் சோதனையில் மீதி 1-தான் வருகிறது, அதுவோ 11 × 31. 561 = 3 × 11 × 17 இன்னும் மோசம்: அடியை 2-லிருந்து எதற்கு மாற்றினாலும், அந்த அடி 561-ஓடு பொதுக் காரணி இல்லாததாக இருக்கும்வரை, மீதி 1-தான்.

இந்த ஓட்டையை அடைக்க, ஒன்று குறைத்த எண்ணைக் காரணிப்படுத்துங்கள்: 379720 = 2³ × 5 × 11 × 863. அந்த 863 நம் எல்லையான 616-ஐவிடப் பெரிய பகா எண். இதுதான் பிடி. அடுக்கை 440 × 863 என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். 2-இன் 55-ஆவது அடுக்கை 379721-ஆல் வகுத்தால் மீதி 82900. அதை வர்க்கப்படுத்தி மீதி எடுத்துக்கொண்டே போனால் 110-க்கு 219342, 220-க்கு 262264, 440-க்கு 123477. இந்த 123477-ஐ 863-ஆவது அடுக்குக்கு உயர்த்த 3, 6, 13, 26, 53, 107, 215, 431, 863 என்று ஏறுங்கள், 16 பெருக்கல்கள் ஆகும். கடைசிக்கு முந்தைய 862-இல் மீதி 251090, அதை 123477-ஆல் பெருக்கி மீதி எடுத்தால் 1.

இன்னும் ஒரு வேலை பாக்கி. 123476-க்கும் 379721-க்கும் பொதுக் காரணி உண்டா என்று பார்க்க வேண்டும். மாறி மாறி வகுத்தால் மீதிகள் 9293, 2667, 1292, 83, 47, 36, 11, 3, 2, 1. பொதுக் காரணி இல்லை. இதிலிருந்து கிடைப்பது: 379721-க்கு எந்தப் பகாக் காரணி இருந்தாலும், அதிலிருந்து 1-ஐக் கழித்தால் 863-ஆல் வகுபட வேண்டும். அப்படியென்றால் அந்தக் காரணி 863-ஐவிடப் பெரியது. பகு எண்ணாக இருந்தாலோ 616-க்குள் ஒன்று இருந்தாக வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாது, ஆகவே பகா எண்.

ஒரு பெருக்கலுக்கு மீதியெடுப்பதோடு இரண்டு நிமிடம் பிடிக்கும். ஆறு இலக்க எண்ணுக்கு இதில் நேர லாபம் எதுவும் இல்லை, நேரடி வகுத்தலுக்கு ஆகும் நேரமே ஆகும். பத்துப் பன்னிரண்டு இலக்கம் மிஞ்சும்போது வகுத்தல் ஆயிரக்கணக்கில் போய்விடும், இந்தப் பெருக்கல்களோ சில பத்துகள்தான் கூடும். அங்கேதான் இதன் அருமை தெரியும். ஒரே எச்சரிக்கை: நடுவில் ஓர் இலக்கம் தவறினால் கடைசியில் 1 வராது, எங்கே தவறினோம் என்றும் தெரியாது. ஒவ்வொரு வரியையும் ஒன்பதைக் கழிக்கும் முறையில் (இலக்கங்களைக் கூட்டி, 9-ஆல் வகுத்த மீதிகளை ஒப்பிடுவது) சரிபார்த்துவிட்டே அடுத்த வரிக்குப் போங்கள். இலக்கம் இடம் மாறிய பிழையை (47-க்குப் பதில் 74) அந்தச் சோதனை பிடிக்காது, அதற்குக் கண்தான் துணை.

6. காரணிகளிலிருந்து விழும் பண்புகள்

987654321 = 3² × 17² × 379721. இதைப் பெட்டி போட்டு எழுதிவிட்டால் மீதி வேலை விரைவாக முடியும்.

எத்தனை காரணிகள்? அடுக்குகளோடு ஒன்று கூட்டிப் பெருக்கினால் 3 × 3 × 2 = 18. இரட்டைப்படை என்பதால் இது முழு வர்க்கம் இல்லை. அவை 1, 3, 9, 17, 51, 153, 289, 867, 2601, பின்பு இந்த ஒன்பதையும் 379721-ஆல் பெருக்கியவை.

காரணிகளின் கூட்டல்: (1+3+9) × (1+17+289) × (1+379721) = 13 × 307 × 379722 = 1,51,54,70,502. எண்ணையே கழித்தால் 52,78,16,181. அது எண்ணைவிடச் சிறியது, ஆகவே குறை எண். இங்கே வரும் பிழை 1+3+9-க்குப் பதில் 4 × 4 என்று போடுவது. ஒரே பகா எண் இரண்டு தடவை வந்தால் அதன் அடுக்குகளைக் கூட்ட வேண்டும், தனித்தனி எண்ணாக நினைத்துப் பெருக்கக் கூடாது.

இந்த எண்ணோடு பொதுக் காரணி இல்லாத, அதைவிடச் சிறிய எண்கள் எத்தனை? 9-க்கு 6, 289-க்கு 272, 379721-க்கு 379720. பெருக்கினால் 61,97,03,040. 9-க்கு 2 × 2 = 4 என்று எழுதுவதும் அதே பிழையின் தம்பிதான்.

7. இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுதுதல்

செயல்திட்டத்தில் ஆசிரியரை நிமிர்ந்து உட்கார வைக்கும் பக்கம் இது. விதி: 4-ஆல் வகுத்தால் மீதி 3 தரும் பகா எண்கள் இரட்டைப்படை அடுக்கில் மட்டுமே வரலாம். இங்கே அப்படிப்பட்டது 3 ஒன்றுதான், அதன் அடுக்கு 2. 17, 379721 இரண்டும் மீதி 1 தருபவை. ஆகவே முடியும்.

17² = 15² + 8² தெரிந்ததே. 379721-ஐப் பிரிக்க எல்லா எண்ணையும் முயல வேண்டாம், வடிகட்டுங்கள். 8-ஆல் வகுத்தால் மீதி 1, ஆகவே இரட்டை எண் 4-இன் மடங்கு. 5-ஆல் மீதி 1, ஆகவே இரண்டில் ஒன்று 5-இன் மடங்கு. 3-ஆல் மீதி 2, ஆகவே இரண்டுமே 3-இன் மடங்கு இல்லை. இரட்டை எண்ணே 5-இன் மடங்காக இருக்கும் பக்கத்தை முதலில் பார்த்தால் 20, 40, 80, 100 என்றுதான் முயல வேண்டும். 20-க்கு மிச்சம் 379321, வர்க்கம் இல்லை. 40-க்கு 378121, இல்லை. 80-க்கு 373321, அது 611². பிடிபட்டது: 379721 = 611² + 80². பகா எண்ணுக்கு இப்படி ஒரே வழிதான் உண்டு, மேலே தேட வேண்டாம்.

இனி சேர்த்தல். 3 × 17 = 51-ஆல் இரண்டையும் பெருக்கினால் 31161² + 4080². பலர் இதோடு நோட்டை மூடிவிடுகிறார்கள், இன்னும் இரண்டு விடைகள் இருக்கின்றன. (அ² + ஆ²)(இ² + ஈ²) = (அ×இ − ஆ×ஈ)² + (அ×ஈ + ஆ×இ)² என்பதில் 15, 8, 611, 80 போட்டால் 8525, 6088. கழித்தல், கூட்டல் குறிகளை மாற்றிப் போட்டால் 9805, 3688. இரண்டையும் 3-ஆல் பெருக்குங்கள்:

25575² + 18264² = 65,40,80,625 + 33,35,73,696
29415² + 11064² = 86,52,42,225 + 12,24,12,096

இரண்டுமே 98,76,54,321 தான். நான்காவது கிடையாது. 17-இன் அடுக்கிலிருந்து 3, 379721-இன் அடுக்கிலிருந்து 2, குறிக்கும் இடமாற்றத்துக்கும் சேர்த்து 4 × 3 × 2 = 24; ஒவ்வொரு ஜோடியும் அதில் எட்டுத் தடவை எண்ணப்படுவதால் 3 ஜோடி.

8. கணினியில் சரிபார்த்தல், கடைசியில் மட்டும்

லினக்ஸ் இருந்தால் ஃபேக்டர் (factor) என்ற கட்டளைக்குப் பின் எண்ணை அடியுங்கள்: 3 3 17 17 379721 என்று நொடியில் வரும். பைத்தானில் என்றால் மீதிக்கு % குறியும், முழு ஈவுக்கு // குறியும் போடுங்கள். ஒற்றை / போட்டால் விடை தசமமாக மாறிவிடும், 9007199254740992-ஐத் தாண்டிய எண்களில் கடைசி இலக்கங்கள் நம்பிக்கைக்கு உரியவை அல்ல. எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் பூஜ்யமாக்கிவிடும், எச்சரிக்கையும் தராது. நம் எண்ணுக்கு இரண்டுமே தாங்கும். அதே தாளில் பிள்ளை ஆர்வத்தோடு இருபது இலக்க எண்ணை அடித்துப் பார்க்கும்போதுதான் தவறு நேரும், அதனால் அந்தக் கட்டத்தை முன்கூட்டியே எழுத்து வடிவத்துக்கு மாற்றி வைத்துவிடுங்கள்.